கனு மஞ்சள்

“நளினி, நீ என் நெத்தியைப் பார்த்துத்தான் பேசறே. என் மூஞ்சியைப் பார்த்துப் பேசறதே இல்லை.”

இதுதாங்க சொன்னாள். வார்த்தைக்கு வார்த்தை இதேதான். நான் கான்வென்ட்டில் டிக்டேஷனில் முதல் மார்க் வாங்கினவள், ஒருத்தர் சொன்னதைச் சொன்னபடி சொல்ல எனக்குத் தெரியும். பண்டிகை நாள், விடிஞ்சும் விடியாத நேரம், மொட்டை மாடியில் குடும்பம் மொத்தமும் நிக்கறது. அப்போ என்னைப் பார்த்து இப்படி ஒரு புகார். நான் யாரோட பேசினாலும் கண்ணைப் பார்த்துப் பேசறவள். சிஸ்டர் பெர்னதெத் மோவாயைத் தூக்கிப் பிடிச்சுச் சொல்லிக் கொடுத்தது அது. இப்போ உங்களோட பேசறேன், எங்கே பார்க்கறேன்? கண்ணைத்தானே?

நானும் பதிலுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ஒண்ணே ஒண்ணு. அதுக்குத்தான் இத்தனை ரகளை. அது என்னன்னு அப்புறம் சொல்றேன். முதல்லேர்ந்து சொன்னாத்தான் நியாயம் யார் பக்கம்னு உங்களுக்கே தெரியும்.

நீங்க நல்லா சாய்ஞ்சு உட்காருங்க. பையை மடியில வெச்சிண்டு எதுக்குக் கஷ்டப்படறீங்க, கீழே தள்ளுங்க. அது என் பொண்ணோட சீட்தான். வெயிட்டிங் லிஸ்ட்ல கதவோரமா நின்னுண்டிருந்தீங்களே, டி.டி.ஆர். கூப்பிட்டு உட்காரச் சொன்னாரே, அது என் பொண்ணு தாரிணி வராததாலதான். ஜன்னல் பக்கம்தான் வேணும்னு அடம் பிடிச்சு அவளே புக் பண்ணின சீட். ஈரோட்டிலேயே நின்னுட்டாள். என்னோட வரமாட்டாளாம்.

எங்காத்துக்காரரா? அதோ, முன்னாடி, பேப்பருக்கு மேல ஒரு வழுக்கை தெரியறது பாருங்க, அதுதான். அவருக்கும் என் பக்கத்துலதான் சீட். இதோ குறட்டை விட்டுண்டு தூங்கறாரே, இந்த மனுஷரைக் கெஞ்சி இங்கே அனுப்பிட்டு அங்கே போய் உட்கார்ந்துட்டார். ஏ.சி. காத்து நேரா மூஞ்சியில அடிக்கறதாம். ஏ.சி. எல்லா இடத்துலயும் ஒரே மாதிரிதான் அடிக்கும், ஆனா சொல்லி என்ன பிரயோஜனம்? காலையில அந்த ரகளைக்கப்புறம் மனுஷர் என்கிட்ட வாயைத் திறக்கலை. எனக்கும் நிம்மதிதான். போன தடவையெல்லாம் திரும்பி வரப்போ அப்பாவும் பொண்ணும் சேர்ந்துண்டு ஒரே கூத்து, சேலம் வரைக்கும் சீட்டுக்கட்டு, ஜோலார்பேட்டை வரைக்கும் பாட்டு. தலைவலி. இந்தத் தடவை பாருங்க, எவ்வளவு அமைதி.

நீங்க தனியாவா போறீங்க? பையன் வீட்டுக்கா? கூப்பிட்டானா, வந்து இருன்னு? பரவாயில்லையே, இந்தக் காலத்துல. எத்தனை நாளைக்கு? தெரியாதா? அப்போ சாரை யார் பார்த்துப்பாங்க?

என்ன, போன ஆடியில நெஞ்சு வலியா? அட, அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ளேயா இப்படி முகம் போறது? இப்பல்லாம் அது ஒண்ணுமே இல்லைங்க. ஸ்டென்ட்டு வெச்சு, ரெண்டு நாள் படுக்க வெச்சு, ஆப்பிள் ஜூஸ் கொடுத்து அனுப்பிடறாங்க. எங்க எதிர்வீட்டுக்காரர் அப்படித்தான், வெச்சுண்டு வந்து மறுவாரமே ஸ்கூட்டர் ஓட்டறார். நீங்க எண்ணெய் மட்டும் குறைச்சு சமைச்சுப் போடுங்க. சும்மா கவலைப்பட்டுக் கவலைப்பட்டே அவரைப் படுக்க வெச்சுடாதீங்க.

எங்கே விட்டேன்? ஆங், ஈரோடு.

ஈரோட்டில் இருக்கறது வைதேகி மன்னி. என் ஆத்துக்காரரோட அண்ணா பெண்டாட்டி. எங்களுக்கு மாமியார் சீக்கிரமே போயிட்டதால அந்த வீட்டுக்குப் பெரியவள் அவள்தான், பொங்கல்னா எல்லாரும் அங்கேதான் கூடணும். நாங்க சென்னையிலேர்ந்து, கடைசி மச்சினரும் அவர் பெண்டாட்டி சுபாவும் ஓசூர்லேர்ந்து. மன்னிக்கு ஒரே பையன், சிட்னியில இருக்கான், போனில் மட்டும் வருவான். நான் கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இதுதான் ஏற்பாடு. என்னை யாரும் கேட்கலை, எனக்குப் பிடிச்சிருக்கான்னு. இடையில ஒரு வருஷம் நின்னுது. முந்தின வருஷம் தீபாவளி கழிச்சு மன்னியோட ஆத்துக்காரர், அதான் எங்க பெரிய மச்சினர், தவறிட்டார். ராத்திரி மோர் குடிச்சுட்டுப் படுத்தவர் எழுந்திருக்கலை. வருஷம் முடியற வரைக்கும் பண்டிகை கிடையாது இல்லையா? அது முடிஞ்சு இதுதான் முதல் பொங்கல்.

உங்க பக்கத்துல கனு உண்டோ என்னவோ. எங்களுக்குப் பொங்கலுக்கு மறுநாள் கனு, இன்னிக்குத்தான். பொங்கல் பானைக் கழுத்துல மஞ்சக்கொத்து கட்டியிருப்போமே, அதுலேர்ந்து ஒரு கிழங்கை உடைச்சு, கல்லுல ஒரு இழுப்பு இழைச்சு, வீட்டுக்குப் பெரிய சுமங்கலி சின்னவங்க நெத்தியில நேரா ஒரு கோடு கீறுவாள். மஞ்சள் கீறிக்கறதுன்னு பேரு. தீர்க்காயுசா இரு, தீர்க்க சுமங்கலியா இருன்னு சொல்லிண்டே. குளிக்காம, கசங்கின புடவையோட, தூக்கக் கலக்கத்துல போய் குனியணும். அப்புறம் மாடியில மஞ்சள் இலையைப் பரத்தி, கலர் சாதத்தைப் பிடி பிடியா உருட்டி, கூடப் பிறந்தவங்க நல்லா இருக்கணும்னு பறவைகளுக்கு வைக்கணும்.

இதையெல்லாம் நான் ஒரு காலத்துல நம்பினவள் இல்லை, தெரியுமா? புதுசா வந்தப்போ மன்னி என் நெத்தியில கீறினதும் கண்ணாடியைப் பார்த்துட்டு, “என்ன இது, காட்டுவாசி டான்ஸுக்கு மேக்கப் போட்ட மாதிரி இருக்கு”ன்னு சொல்லிட்டு நேரா பாத்ரூமுக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவிட்டேன். வருஷா வருஷம் அதுதான். அவள் கீறுவாள், நான் கழுவுவேன். அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பாள். அதுவும் ஒரு திமிர்தானே? கோபம் வந்தா வந்துதுன்னு காட்டணும். மனசுக்குள்ளேயே வெச்சுண்டு சிரிச்சுண்டு நிக்கறவங்களை நம்பவே கூடாது.

ஆனா டிசிப்ளின்னு ஒண்ணு இருக்கு. நம்பறோமோ இல்லையோ, ஒரு காரியத்தைச் செய்யறதுன்னா ஒழுங்காச் செய்யணும். எங்க கான்வென்ட்ல காலையில ஜபம் சொல்லுவாங்க, எனக்கென்ன அது? ஆனா கையைக் கூப்பிண்டு நிப்பேன். அந்த மாதிரி. பெரிய சுமங்கலிதான் கீறணும்னா பெரிய சுமங்கலிதான் கீறணும். மன்னிக்கு அடுத்தவள் நான். இதுல என் ஆசை, உங்க ஆசைன்னு எதுவும் இல்லை.

நேத்து பொங்கப் பானை வைக்கறப்பவே ஆரம்பிச்சுது. பால் பொங்கி வர்றது, எல்லாரும் பொங்கலோ பொங்கல்னு கத்தறோம், மன்னி பழைய ஞாபகத்துல கரண்டியை எடுத்துண்டு ஓடி வர்றாள். நான், “நீங்க அப்படி ஓரமா நின்னுக்கோங்கோ மன்னி, இங்கே ஒரே கூட்டமா இருக்கு”ன்னு சொன்னேன். கூட்டமும் இல்லை ஒண்ணும் இல்லை, நானும் சுபாவும்தான் நின்னோம். ஆனா உள்ளதைப் பட்டுனு சொல்லலாமா? நாசூக்குன்னு ஒண்ணு இருக்கே. அவளும் புரிஞ்சுண்டாள். கரண்டியைக் கீழே வெச்சுட்டு அடுப்பங்கரை வாசப்படியில போய் நின்னுண்டாள். தாரிணிதான் என்னை ஒரு மாதிரியாப் பார்த்தாள்.

தாரிணிக்கு மன்னிமேல உசிரு. பெரியம்மான்னு முழுசாச் சொல்ல வராம ‘பெம்மா’ன்னு கூப்பிட ஆரம்பிச்சு, இப்போ பெங்களூர்ல வேலைக்குப் போற பொண்ணு, இன்னும் பெம்மாதான். இவள் பிறந்ததும் நான் எம்.ஏ. பரீட்சை எழுதினேன், குழந்தையை மன்னிகிட்ட விட்டேன். அப்புறம் எனக்குக் குடல்வால் ஆபரேஷன், அப்புறம் வீடு மாத்தினோம், அப்படி இப்படின்னு ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு. நான் மன்னிக்கு ஒரு உபகாரம் பண்ணினேன்னு வெச்சுக்கோங்களேன். அவள் பையன் ஹாஸ்டலுக்குப் போயிட்டான், வீடு வெறிச்சுனு கிடந்தது. அந்த நன்றி இருக்கணுமா இல்லையா? குழந்தை நடக்க ஆரம்பிச்சதும் போய்த் தூக்கிண்டு வந்தேன். மன்னி வாசல்ல நின்னு அழறாள், இதுவும் அவளைப் பார்த்துக் கையை நீட்டிண்டு அழறது. பஸ் முழுக்க என்னைப் பிள்ளை பிடிக்கறவள் மாதிரிப் பார்த்தாங்க.

இந்தாங்க, புளியோதரை சாப்பிடுங்க. மன்னி கட்டிக் கொடுத்ததுதான். அத்தனை நடந்தப்புறமும் பொட்டலம் கட்ட மட்டும் மறக்கலை பாருங்க. உப்பு ஒரு கல்லு கம்மி. வேண்டாமா? காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்ட மாதிரியே தெரியலை உங்களைப் பார்த்தா. சரி, நான் சாப்பிடறேன்.

நேத்து ராத்திரி நான் செஞ்சது ஒரு முன்ஜாக்கிரதை. பானையிலேர்ந்து மஞ்சக்கொத்தை அவிழ்த்து, என் கைப்பைக்குள்ள வெச்சுண்டு படுத்தேன். எதுக்குன்னா, காலையில யாராவது பழக்க தோஷத்துல அதை மன்னி கையில கொடுத்துட்டா? அப்புறம் எல்லார் முன்னாடியும் பிடுங்கணும், அசிங்கம். அவளுக்கும் அவமானம். இதுவும் அவளுக்காகத்தான் செஞ்சேன்.

அவளுக்காக நான் நிறையச் செஞ்சிருக்கேங்க. அவர் போனப்புறம் மன்னி சின்னதா ஒரு பொட்டு வெச்சுண்டிருந்தாள், கறுப்புல. இப்பல்லாம் வெச்சுக்கறாங்க, நான் ஒண்ணும் பத்தாம்பசலி இல்லை. வருஷ காரியத்துக்குப் போனப்போ, நாலு பேர் வந்திருந்தாங்க, “இன்னும் வெச்சுண்டிருக்கேளா மன்னி?”ன்னு ஆச்சரியமாக் கேட்டேன். எடுன்னு சொன்னேனா? ஆச்சரியப்பட்டேன், அவ்வளவுதான். மறுநாள் பார்த்தா நெத்தி துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. அதுலேர்ந்து வைக்கறதே இல்லை. அதுக்கும் நான்தான் காரணம்னு தாரிணி நினைச்சுண்டிருக்காள்.

நெத்தின்னா இப்படி இருக்கணும், உங்களை மாதிரி. நல்ல வட்டமா, நிறைவா, பார்க்கவே லட்சணமா இருக்கு உங்க பொட்டு. ஏன் கையை வெச்சு மறைச்சுக்கறீங்க? கண்ணு வெச்சுடுவேன்னா? நான் அந்த மாதிரி ஆள் இல்லைங்க.

காலையில எல்லாரும் மாடிக்கு வந்தாச்சு. நல்ல பனி. மன்னியை நான் கீழேயே இருக்கச் சொல்லியிருந்தேன், எலுமிச்சை சாதத்தைப் பார்த்துக்கோங்கோன்னு. கேட்டாளா? மஞ்சள் இலையெல்லாம் ஒரு தாம்பாளத்துல அடுக்கி எடுத்துண்டு மாடிக்கு வந்து, தண்ணித் தொட்டி ஓரமா நின்னுண்டாள். வந்துட்டாள், வெரட்டவா முடியும்? நான் கையில மஞ்சளை எடுத்தேன். முதல்ல சுபா குனிஞ்சாள். நான் கீறினேன். எனக்குப் பழக்கம் இல்லை, கொஞ்சம் அழுத்திட்டேன் போலிருக்கு. “என்ன மன்னி, சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கற மாதிரி இழுக்கறேள், நெத்தி எனக்கு இன்னும் வேணும்”னு சிரிச்சாள். நானும் சிரிச்சேன். எல்லாம் நல்லாத்தான் போயிண்டிருந்தது.

அடுத்தது தாரிணி. “வா, குனி”ன்னேன்.

“எனக்கு பெம்மா கீறட்டும்”னாள்.

மன்னிதான் முதல்ல வாயைத் திறந்தாள். “அசடு, அம்மாகிட்ட குனிடி.”

“எனக்கு எப்பவும் நீதானே கீறுவே?”

“அது அப்போடி கண்ணா.”

“இப்போ என்னவாம்? உன் கை எங்கேயாவது போயிடுத்தா?”

“தாரிணி, டோன்ட் பீ சில்லி. இங்கே வா”ன்னேன் நான். நான் குரலை உயர்த்தலை. மஞ்சள் என் கையில இருக்கு, இறுக்கி மூடிண்டேன். அது இல்லாம என்ன பண்ணிடுவாள்? ஆனா ஈரோட்டுல மஞ்சளுக்கா பஞ்சம்? விடுவிடுன்னு கீழே போனாள். காய்கறிக் கூடையிலேர்ந்து ஒரு கொத்தை எடுத்துண்டு வந்தாள், மண்ணு கூடப் போகலை. தொட்டித் தண்ணியில கழுவினாள். கிழங்கைப் பட்டுனு உடைச்சு மன்னி கையில வெச்சு, அவள் முன்னாடி குனிஞ்சு நின்னாள்.

மன்னி என்னைப் பார்த்தாள். என் ஆத்துக்காரரைப் பார்த்தாள். அவர் அப்படியே நிக்கறார், கல்லு மாதிரி. எத்தனை பேரைக் கேட்கணும் ஒரு காரியத்தைச் செய்ய? ‘மாட்டேன்’னு கிழங்கைத் தூக்கிப் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். இவள் கீறினாள். கோடு பாதியில வளைஞ்சு போச்சு. வாய்க்குள்ள என்னவோ சொன்னாள், எங்களுக்குக் கேட்கலை.

நீங்களே சொல்லுங்க, நீங்க ஒரு தாயார். வர்ற ஞாயித்துக்கிழமை என் பொண்ணைப் பார்க்க வரா. நல்ல இடம், பையன் புனேயில இருக்கான், உயரமா இருக்கான், எல்லாம் பொருந்தி வந்திருக்கு. அந்த நேரத்துல, ராத்திரி மோர் குடிச்சுட்டுப் படுத்தவரைக் காலையில எழுப்ப முடியாதவள், ‘தீர்க்க சுமங்கலியா இரு’ன்னு என் பொண்ணு நெத்தியில கோடு போடறாள். தன்கிட்ட இல்லாததை எடுத்து எப்படிக் கொடுப்பாள்? லாஜிக் வேண்டாமா? எனக்கு மூடநம்பிக்கை கிடையாது. ஆனா பயம்னு ஒண்ணு இருக்கு.

தாரிணி கையைப் பிடிச்சு இழுத்துண்டு போனேன். மாடியிலேயே துவைக்கற கல்லும் குழாயும் இருக்கு, சோப்பும் இருந்தது. துணி துவைக்கற சோப்புதான், வேற சோப்பைத் தேடிண்டு போக நேரம் ஏது? நெத்தியில போட்டுத் தேய்ச்சேன். போகலை. பச்சை மஞ்சள் உங்களுக்குத் தெரியுமே, லேசுல போகாது. ஈரத் துணியை முறுக்கி வெச்சுத் தேய்ச்சேன். என் ஆத்துக்காரர், “நளினி, நளினி”ன்னு கத்தறார். சுபா என் தோளைப் பிடிக்கறாள். தாரிணி மட்டும் ஒரு சத்தம் போடலை. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பலை. சோப்பு நுரை கண்ணுல இறங்கறப்பக்கூட இமை கொட்டாம என்னையே பார்த்துண்டு நின்னாள். சின்ன வயசுலேர்ந்தே அழுத்தம் ஜாஸ்தி. நெத்தி ரத்தச் சிவப்பாயிடுத்து, ஒரு இடத்துல தோல் உரிஞ்சு போச்சு. கோடு மட்டும் அப்படியே இருக்கு. இதோ, என் விரலைப் பாருங்க. நகக்கண்ணுல எல்லாம். அதேதான். நானும் எத்தனை தடவை கழுவிட்டேன்.

அப்போதான் மன்னி வந்தாள். வேகமா வரலை. தாம்பாளத்தைக் கீழே வெச்சுட்டு நடந்து வந்து, என் கையிலேர்ந்து அந்தத் துணியை வாங்கி, குழாயை மூடினாள். தண்ணி வீணாப் போறதாம்! மூடிட்டுத்தான் சொன்னாள், நான் முதல்ல சொன்னேனே, அதை. “நளினி, நீ என் நெத்தியைப் பார்த்துத்தான் பேசறே. என் மூஞ்சியைப் பார்த்துப் பேசறதே இல்லை.”

நான் கேட்டேன், “பார்க்கறதுக்கு அங்கே என்ன இருக்கு, மன்னி?”

அவ்வளவுதாங்க. இது ஒரு கேள்வி. வசவு இருக்கா இதுல? மரியாதைக் குறைவா ஒரு வார்த்தை இருக்கா? மன்னின்னுதானே முடிச்சேன்? ஆனா ஒருத்தர் முகத்துலயும் ஈயாடலை. மன்னி, பனிக்குத் தலையில போட்டிருந்த முக்காட்டை எடுத்துத் தாரிணி நெத்தியை ஒத்தி ஒத்தித் துடைச்சாள். கீழே இறங்கிப் போயிட்டாள், அவள் பின்னாடியே எல்லாரும். நான் மட்டும்தான் அங்கே நின்னு இலையைப் பரத்தி, சாதத்தை உருட்டி வெச்சேன். யாராவது செய்யணுமே? ஒரு காக்கா வரலை. நாங்க போட்ட சத்தத்துல எங்கே வரும்?

என்ன, கர்ச்சீப் வேணுமா? கண்ணுல தூசியா? இந்த ஏ.சி.யைத் துடைக்கவே மாட்டாங்க. இந்தாங்க, டிஷ்யூ.

அப்புறம் மத்தியானச் சாப்பாடு. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், அவியல், எல்லாம் பண்ணி வெச்சுட்டாள், ஒண்ணும் நடக்காத மாதிரி. தாரிணி அடுப்பங்கரையில பெம்மா பக்கத்துலேயே தரையில உட்கார்ந்துண்டாள். என் ஆத்துக்காரரும் இலையைத் தூக்கிண்டு அங்கேயே போயிட்டார். சுபாவும், அவள் ஆத்துக்காரரும். டைனிங் டேபிள்ல நான் ஒருத்திதான், ராணி மாதிரி. ஃபேன் காத்து நன்னா வந்தது.

கிளம்பறப்போ அவர் மன்னிக்கு நமஸ்காரம் பண்ணினார். விழுந்தவர் எழுந்திருக்கவே மாட்டேங்கறார். முட்டி வலி அவருக்கு. எழுந்தப்போ கண்ணெல்லாம் ஈரமா இருந்தது, அவ்வளவு வலி போலிருக்கு. டாக்டர்கிட்ட வாங்கோன்னா வர்றதில்லை.

தாரிணி வாசல் வரைக்கும் வந்தாள். பெட்டி இல்லாம. நெத்தியில மன்னி தேங்காய் எண்ணெய் தடவி விட்டிருக்காள். “ஆட்டோ நிக்கறது, ஏறு”ன்னேன். “நீ போம்மா. நான் இங்கேயிருந்தே பெங்களூருக்குப் போயிக்கறேன்”னாள். “ஞாயித்துக்கிழமை அவா வரா, ஞாபகம் இருக்கட்டும்”னேன்.

“வரட்டும். இந்த நெத்தியை போட்டோ எடுத்து அனுப்பறேன். நீயே காட்டு”ன்னு சொன்னாள்.

பெத்தவள்கிட்ட பேசற பேச்சா இது? நானாயிருக்கக்கண்டு பொறுத்துண்டேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள மனசு மாறி வந்துடுவாள். வருவாள். எங்கே போயிடப் போறாள்? நெத்தியில ஒரு பொருக்கு தட்டியிருக்கும், கொஞ்சம் பவுடர் போட்டா தெரியாது. ரயில் ஏறினதுலேர்ந்து போன் பண்றேன், எடுக்கலை. டவர் கிடைக்கலை போலிருக்கு.

கடைசியா ஒரு கூத்து கேளுங்க. ஆட்டோ கிளம்பறப்போ சுபா ஓடி வந்து இந்தச் சாப்பாட்டுப் பையைக் கொடுத்தாள். கொடுத்துட்டுக் காதோரமாச் சொல்றாள், “பெரிய மன்னி சொல்லச் சொன்னா. உங்களுக்கு இன்னிக்கு யாரும் கீறவே இல்லையாம். நீங்களே பெரியவளா நின்னுட்டதால உங்களுக்குக் கீற ஆளில்லையேன்னு வருத்தப்படறா. பையில ஒரு கிழங்கு வெச்சிருக்காளாம். வழியில யாராவது பெரியவா, சுமங்கலியாப் பார்த்து, பொழுது சாயறதுக்குள்ள கீறிக்கச் சொன்னா. அண்ணா நன்னா இருக்கணும்னு.” அண்ணான்னா என் ஆத்துக்காரர்.

குத்திக் காட்டறது எப்படின்னு இவள்கிட்டதான் கத்துக்கணும். இதோ பாருங்க, இலையில சுத்தி, நூல் கட்டி, கழுவித் துடைச்சு வெச்சிருக்காள். ஒரு பொட்டு மண்ணு கிடையாது. சேலத்துலயே தூக்கி வெளியில எறியணும்னு இருந்தேன். ஜன்னல் திறக்காது, ஏ.சி. கோச்.

பொழுது சாயப்போறது, இல்லையா? அதோ, மலைக்குப் பின்னாடி இறங்கிட்டுது.

எனக்கு நம்பிக்கையெல்லாம் கிடையாது, சொன்னேனே. ஆனா நான் வந்த நாள்லேர்ந்து ஒரு கனுவுக்கும் என் நெத்தி வெறுமையா இருந்ததில்லை. கழுவினேன், வாஸ்தவம். கீறினப்புறம்தானே கழுவினேன்? இன்னிக்குத்தான் யாருமே கீறலை. இவரை வேற பாருங்க, ரொம்ப நேரமா அந்தப் பேப்பர் ஒரு பக்கம் கூடத் திரும்பலை. தூங்கறாரா என்னன்னு தெரியலை. அவரோட மத்தியான மாத்திரை என் பையிலேயே இருக்கு. ரெண்டு தடவை போன் பண்ணினேன், அங்கே மணி அடிக்கறது இங்கே கேட்கறது, எடுக்கலை.

நீங்க என்னைவிட பெரியவங்கதானே? பார்த்தாலே தெரியறது. சாருக்கும் நெஞ்சுல என்னவோ வந்து ஒரு கண்டம் தாண்டியிருக்கு, உங்க பாக்கியம் பெரிசுன்னுதானே அர்த்தம்? உங்க கையால கீறினா நல்லதுதான். எங்க ஆளுங்கதான் கீறணும்னு சட்டம் ஒண்ணும் இல்லை, நான் அதெல்லாம் பார்க்கறவள் இல்லை.

இந்தாங்க, பிடியுங்க. நுனியை நானே நகத்தால கிள்ளி விட்டிருக்கேன், ஈரம் இருக்கு. புருவத்துக்கு நடுவுலேர்ந்து மேலே நேரா ஒரு இழுப்பு, அவ்வளவுதான். மந்திரம் எதுவும் வேண்டாம். மனசுல நினைச்சுண்டாப் போதும்.

கையை ஏன் பின்னாடி இழுத்துக்கறீங்க? கறை ஆகும்னா? துடைச்சுக்க டிஷ்யூ தரேன்.

சரி, நான் குனிஞ்சுட்டேன். இப்படி எட்டறதா? இன்னும் கொஞ்சம் குனியறேன். ம். கீறுங்க.

ஏங்க, கழுத்து வலிக்கறது. வெளியில இருட்டிண்டு வரது. ஒரே ஒரு கோடு. ப்ளீஸ்னு சொல்லாம யாரையும் எதையும் கேட்கக் கூடாதுன்னு சிஸ்டர் சொல்லுவாங்க, நான்தான் மறந்துட்டேன். ப்ளீஸ். கீறி விடுங்களேன்.